அமுக்கிப் பார்த்து வாங்கிய விருந்து

கேக் பாக்கெட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார். அழுத்திய பள்ளம் மெல்ல மேலே எழும்பி வந்தால் பாக்கெட் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் போகும். பள்ளம் பள்ளமாகவே கிடந்தால் முகம் மலர்ந்து கடைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொள்வார். நாமெல்லாம் எழும்பி வருவதைத்தான் நல்ல கேக் என்போம். இவருக்கு எல்லாம் தலைகீழ்.

"அண்ணே, அமுக்குனது எல்லாத்தையும் நீங்களே வாங்கிக்குங்க. அடுத்து வர்றவங்க, கடையில எலி ஓடுதான்னு கேக்குறாங்க" என்று கல்லாவில் இருக்கும் பெண் குரல் கொடுப்பாள்.

"எலி இவ்ளோ பதமா அமுக்காதும்மா" என்று இவர் அடுத்த பாக்கெட்டுக்கு நகர்ந்துவிடுவார்.

எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல் மாடியில் குடியிருக்கிறார். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் 'லிஃப்ட்காரர்'தான். ஊரில் நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைப்பது இவர் வேலை. கடையில் தள்ளுவண்டியைக்கூட அப்படியே எடுத்துவிட மாட்டார். முன்னும் பின்னும் இழுத்து, தலையைச் சாய்த்துச் சக்கரத்தின் சத்தத்தைக் கேட்பார். கீச்சிட்டால் சட்டைப்பையிலிருந்து சின்ன எண்ணெய்க் குப்பி வெளியே வரும். அந்தக் கடை வண்டிகளில் பாதி ஓடுவது இவர் புண்ணியத்தில்.

அது மலிவு விலைக் கடை. சாமான்களை அலமாரியில் அழகாக அடுக்கும் வேலையெல்லாம் அங்கே கிடையாது. அட்டைப்பெட்டியின் வாயைக் கிழித்து அப்படியே வைத்திருப்பார்கள். போன வாரம் இருந்தது இந்த வாரம் இருக்காது. பில் போடும் அதே பெண்தான் தரையும் துடைப்பாள். நானும் அங்கேதான் வாங்குகிறேன். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட காலத்திலிருந்து பழக்கம்.

இந்த அமுக்கல் அவர் மனைவிக்காக. பக்கவாதம் வந்து எழுந்தவர். கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன. தொண்டைதான் முழுதாகத் திரும்பவில்லை. மென்று விழுங்கும் எதுவும் ஆகாது. நாக்காலேயே மசிய வேண்டும். தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் குடிக்க வேண்டும். வருடா வருடம் சொந்தக்காரர்கள் கூடும் வீட்டு விருந்தில், போன வருடம், மற்றவர்கள் சாப்பிடுகிறார்களே என்று ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டார். புரையேறி, முகம் நீலம் பாய்ந்து, முதுகில் தட்டி வெளியே எடுப்பதற்குள் வீடு இரண்டுபட்டுவிட்டது. துண்டு சிக்கியதைவிட, சுற்றி நின்று எல்லோரும் பார்த்ததுதான் அவருக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

"கைக்குழந்தைக்குக் குழைச்சு ஊட்டுற மாதிரி ஒரு தட்டு, மத்தவங்களுக்கு ஒரு தட்டா? நான் வரல. நீங்க எல்லாம் சந்தோஷமா சாப்பிடுங்க" என்று இந்த வருட விருந்துக்கு முன்பே சொல்லிவிட்டார்.

லிஃப்ட்காரர் வாதாடவில்லை. விருந்து முழுவதையும் மசிகிற பண்டமாகவே செய்துவிடுவது என்று முடிவு செய்தார். ஒரே சட்டி, ஒரே சாப்பாடு. யார் தட்டும் யார் தட்டிலிருந்தும் வேறுபடக் கூடாது.

வேக வைக்க வேண்டியதை வீட்டிலும், அப்படியே தின்பதைக் கடை வாசல் பெஞ்சிலேயும் ஒரு வாய் சோதித்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைப் படவிடாமல், நாக்கால் மேலண்ணத்தில் வைத்து நசுக்குவார். போகிறவர்கள் பல்வலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

"அண்ணே, பல்லையெல்லாம் வாடகைக்கு விட்டுட்டியா?" என்று அவர் தங்கை கேட்டாள். அண்ணனுக்குச் சமையலில் கைகொடுக்க வந்தவள். நாக்கு நீளம், மனசு தங்கம்.

"ஆள ஏத்துறதுக்கு முன்னாடி காலி லிஃப்ட்ட ஓட்டிப் பாக்கணும்ல?" என்றார் இவர்.

ஒரே ஓர் இடத்தில்தான் இவர் நடை தடுமாறும். வறுத்த நிலக்கடலை இருக்கும் மூலை. முன்பெல்லாம் சாயங்காலம் இவர் கொறிக்கும் சத்தம் என் வீடு வரை கேட்கும். இப்போது கை பாக்கெட் வரை போகும், தொடும், திரும்பிவிடும். வீட்டுக்குள் கறுக்மொறுக்கென்று எதுவும் கேட்கக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். தங்கையும் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டாள்.

விருந்துக்கு முந்தின நாள் கல்லா வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றேன். முள் நீக்கிய மீன், உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், முட்டை, கெட்டித் தயிர், அமுக்கினால் எழும்பாத வெண்ணிலா கேக். எல்லாம் சோதனையில் தேறியவை. நகரும் பட்டையில் ஒவ்வொன்றாக ஏறின. கல்லாப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறீங்களா?"

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பட்டையை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இத்தனை நாளும் விரலாலும் நாக்காலும் பார்த்த மனிதர், கண்ணால் பார்க்க மறந்திருக்கிறார். வெள்ளை மேல் வெள்ளையாக, சாட்சாத் ஆஸ்பத்திரித் தட்டு. மனைவி வாசல்படியிலிருந்தே கண்டுபிடித்து, அப்படியே திரும்பிவிடுவார்.

"ஒரு நிமிஷம்மா. அப்படியே வையி" என்று ஓடினார்.

"என்னங்க இது, நாங்க இங்கேயே குடித்தனம் பண்ணணுமா?" என்று பின்னால் ஒருவர் கத்தினார்.

"அவர் பெண்சாதி சாப்பிட வேண்டாமா? நில்லுங்க" என்றேன்.

பீட்ரூட், காரட், பட்டாணி, பழுத்த பப்பாளி என்று இரு கையிலும் அணைத்துக்கொண்டு வந்தார். "பட்டாணித் தோல் சிக்கும்" என்றேன். "சல்லடை இருக்கு நர்ஸம்மா" என்றார் மூச்சு வாங்கியபடி. நான் நர்ஸ் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. வேக வைத்த மீனையும் ஒவ்வொரு பிடியாக உதிர்த்து, முள் இல்லை என்று பார்த்தபிறகே மசிக்கும்படி சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் என்னையும் அழைத்திருந்தார். மேசையில் சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று குவியல் குவியலாக இருந்தது. நடுவில் மீன், மேலே மஞ்சள் குழம்பு, கெட்டியாக.

"எல்லாருக்கும் இதான். வந்து பாரு. பிடிக்கலேன்னா உள்ள போயிடு" என்று அறை வாசலில் நின்று சொன்னார்.

கைத்தடி சத்தம் கேட்டது. மனைவி வந்து உட்காரவில்லை. மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொருவர் தட்டையும் பார்த்தார். தன்னுடையதைக் கடைசியாகப் பார்த்தார்.

"என்ன அண்ணி, சோதனை போட வந்த ஆபீசர் மாதிரி? உக்காருங்க. எங்களுக்கும் பல்லுக்கு இன்னிக்கு லீவு" என்றாள் தங்கை.

உட்கார்ந்தார். முகவாயைத் தாழ்த்திக்கொண்டு சின்னச் சின்ன வாயாக எடுத்தார். மீன், பீட்ரூட், மறுபடி மீன். லிஃப்ட்காரர் தன் தட்டைத் தொடவில்லை. உள்ளங்கையை மேசைமேல் பதித்து வைத்திருந்தார். ஓடும் லிஃப்டின் சுவரில் அதிர்வு பார்க்க வைக்கும் கை அது. நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இருமல் வருவது மட்டும் ஆபத்தில்லை. விழுங்கியது மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருந்தால் குரல் கொழகொழவென்று வரும், அதுவும் ஆபத்துதான். அவர் பேச வேண்டும்.

பேசினார்.

"மீன்ல உப்பு பத்தல."

குரல் கழுவி வைத்த கண்ணாடி போல இருந்தது. இன்னொரு கரண்டி பப்பாளிக்கூழ் போட்டுக்கொண்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். உப்பு போட மறந்தது யார் என்று அண்ணனும் தங்கையும் சண்டை பிடித்தார்கள். கேக்கைத் தயிரில் ஊற வைத்துக் குழைத்திருந்தார்கள். மனைவி அதை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு முடித்ததும் மடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கணவன் பக்கம் தள்ளினார். வறுத்த நிலக்கடலை.

"அந்த மூலையில போய் நிக்கிறீங்களாமே, உங்க தங்கச்சி சொன்னா. அவளத்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன். இங்கேயே உக்காந்து தின்னுங்க. எனக்குச் சத்தம் கேக்கணும்."

அவர் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டார். பழக்கத்தில் கண்ணை மூடி, நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்தினார். அது மசியவில்லை. கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். பிறகு, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, கடித்தார்.