மிச்சமான ஒரு மாத்திரை

என் மனைவியின் சர்க்கரை மாத்திரைகளை தினமும் காலையில் எண்ணிவிடுவேன். பட்டைக்குப் பதினைந்து, நாளைக்கு இரண்டு. கணக்கு ஒரு நாளும் தவறியதில்லை. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. பெருமாளுக்குப் படைத்துவிட்டு இரண்டு மணிக்குத்தான் சாப்பிட்டாள். நான்கு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, சுவரில் சாய்ந்தாள். நான்கு கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுத்தேன். பதினேழு நிமிஷம் கழித்துத்தான் முகம் தெளிந்தது.

"மாத்திரை போட்டியா?"

"ரெண்டும் போட்டேனே."

"ஒரே தடவையிலயா!"

"சாப்பாட்டுக்கு முன்னாலன்னு எழுதிக்கீது. ஒருபொழுதுல சாப்பாடு ஒண்ணுதான். ரெண்டாவதை எதுக்கு முன்னால போடச் சொல்றீங்க?"

மாத்திரை உறையை எடுத்துப் பார்த்தேன். மருந்துக்கடை உறையில் 'நாளைக்கு இரண்டு, சாப்பாட்டுக்கு முன்' என்றுதான் இருந்தது. மூன்று சனிக்கிழமையும் அப்படியே செய்திருக்கிறாள். என் கணக்கில் அது எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கத் திருப்பதிக்கு பஸ் ஏறினோம். விரதமே வேண்டாம் என்றார் டாக்டர். "நாலாவது சனிக்கிழமைய உட்டுத்தர மாட்டேன்" என்றாள் இவள். ஏழு கேள்வி கேட்டேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார்: அன்று ஒரு சாப்பாடு, ஒரு மாத்திரை, தலை சுற்றினால் விரதத்தை விட்டுவிட வேண்டும்.

திரும்பும்போது, நாங்கள் மாத்திரை வாங்கும் ஆந்திரப் புத்தூர் மருந்துக்கடையில், இந்த வாசகம் சரியில்லை என்று உறையை நீட்டினேன்.

"எல்லாரும் இதைத்தான் படிச்சிக்கினு போறாங்க சார். உங்களுக்கு மட்டும் இன்னா?"

"என் வீட்டுக்காரி படிச்சபடியே செஞ்சாப்பா. அதான் சாஞ்சிட்டா."

விஷயத்தைச் சொன்னேன். வரிசையில் ஆறு பேர். ஒரு அம்மா தன் உறையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்போ நான் ரெண்டும் ஒண்ணா போட்டுக்கினதும் தப்பா?" பின்னாலிருந்த பெரியவரும், "நானுந்தாம்மா" என்றார். ஆறில் இரண்டு! கடைக்காரர் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

அடித்தடித்து ஐந்தாவது தடவையில் வாசகம் வந்தது: 'காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. விரதமா? முதலில் டாக்டரைக் கேளுங்கள்.' கீழே அதையே தெலுங்கில் அவர் எழுதினார். வெள்ளிக்கிழமை போனபோது, சர்க்கரை மாத்திரை உறை ஒவ்வொன்றிலும் அது அச்சாகி ஒட்டியிருந்தது.

நான்காம் சனிக்கிழமை நான்கு மணி.

"எத்தினி தடவ என் மூஞ்சியப் பாப்பீங்க?"

"பதினொண்ணு."

சிரித்துக்கொண்டே படையல் பாத்திரங்களைத் தேய்க்கப் போனாள்.

ஞாயிறு காலை பட்டையை எண்ணினேன். முதன்முறையாகக் கணக்கு உதைத்தது. ஒன்று மிச்சம். மறுபடி எண்ணினேன், சந்தேகத்தால் அல்ல.