தம்பி காதில் விழுவதற்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

என் தம்பி நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதெல்லாம் என்னுடைய வயிற்றெரிச்சல்.

கிழக்கேகோட்டையில் எங்கள் ஓட்டு வீட்டை நானும் அவனும் பாகம் பிரித்துக்கொண்டபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினோம். கூரைச் சட்டத்தில் கை வைக்கக் கூடாது என்று கொத்தனார் சொன்னதால் அது ஓட்டுக்கு இரண்டடி கீழேயே நின்றுவிட்டது. அவன் பக்கம் பெரிய கூடம், என் பக்கம் பத்துக்குப் பத்து அறை. சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பிரித்தோம், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதனாலேயே எரிச்சல் இன்னும் ஜாஸ்தி.

போன வருஷம் அவன் இடுப்புயர ஸ்பீக்கர் ஒரு ஜோடி புதிதாக வாங்கினான். கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் வேலை, வாங்குகிறான். ஆனால் பாட்டுப் பைத்தியம் நான் அல்லவா? கச்சேரிக்குப் போனால் மங்களம் வரைக்கும் உட்காருகிறவன் நான். அவன் கேன்டீன் போண்டாவுக்காக என்கூட வருகிறவன். அவன் கூடத்தில் அந்த ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தால் என் அறையில் நான் பேப்பர்கூடப் படிக்க முடியாமல் பொருமிக்கொண்டிருப்பேன்.

புதிதாக வாங்க எனக்கு வக்கில்லை. மூன்று மாதம் தேடி, விழிஞ்ஞத்தில் துறைமுக வேலையிலிருந்து மாற்றலாகிப் போகிற ஒரு மலையாளி இன்ஜினியரைப் பிடித்தேன். என் மனைவியும் கூட வந்தாள். அவரிடம் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று ஷெல்ஃபில் வைக்கிற சின்னப் பெட்டி. இன்னொன்று முழங்கால் உயரம், பழசு. இரண்டுக்கும் ஒரே விலைதான் சொன்னார், அது என் கைக்கு எட்டுகிற விலை.

முன்துணியைக் கழற்றிப் பார்த்தேன். கடல் காற்றில் ஓரத்து ரப்பர் பொடிந்திருக்கிறதா என்று விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். இரண்டு ஜோடியும் நன்றாகவே இருந்தன. பிறகு எனக்கு மனப்பாடமான ஒரு ஆலாபனையைப் போடச் சொன்னேன். சின்னப் பெட்டியில் பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அறை சின்னது என்றால் இதை எடுங்கள், பெரியதற்குப் பின்னால் காற்று போகிற துளை இருக்கிறது, சுவரோடு ஒட்டி வைத்தால் முழங்கும் என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். எனக்குத் தெரியாதா? மூன்று மாதமாக அதைத்தானே படித்திருந்தேன். ஆனாலும் கண் முழங்கால் உயரத்தை விட்டு நகரவில்லை.

மனைவி என்னைத் தனியே இழுத்தாள்.

"பாட்டு ஒங்களுக்குக் கேக்கணுமா, ஒங்க தம்பிக்குக் கேக்கணுமா?"

பெரியதைக் கட்டி ஆட்டோவில் ஏற்றினேன்.

வைத்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன், வெட்கம்தான். தம்பி பக்கத்துச் சுவரோடு ஒட்டி, இரண்டையும் ஸ்டூலின்மேல் ஏற்றி வைத்தேன். சுவருக்கு மேல் நன்றாகத் தாண்டிப் போகட்டும் என்றுதான். தினமும் சாயங்காலம் உரக்கப் போடுவேன். என் அறையில் மிருதங்கம் தொம் தொம் என்று முழங்கிப் பாட்டையே விழுங்கியது. அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. பாட்டு காதில் விழ வேண்டுமென்றால் நான் சமையலறையில் போய் நிற்க வேண்டியிருந்தது. போகட்டும். ஒரு வாரத்துக்குள் தம்பியின் செட் சத்தமே இல்லாமல் போனது. வாயடைத்துவிட்டேன் என்று எனக்கு ஏகப்பட்ட திருப்தி.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வந்தான். வாசலில் தயங்கி நின்றான். சத்தம் தாங்கவில்லை என்று முறையிடப் போகிறான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"அண்ணா, என் செட்டை வித்துட்டேன். நீ போடறதே எங்க பக்கம் நன்னாக் கேக்கறதாக்கும். ஒரு ஆத்துல ரெண்டு எதுக்கு?"

நீயே வந்து கேள் என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கூடத்தில் தன் நாற்காலியில் உட்கார வைத்தான். மனைவியிடம் அந்த ஆலாபனையைப் போடச் சொல்லிக் குரல் கொடுத்தேன்.

முழக்கமெல்லாம் என் அறையிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. சுவரைத் தாண்டிக் குரல் மட்டும் வந்தது, சுத்தமாக. பாடகி மூச்சு இழுத்தது கேட்டது. ஒரு மாதமாக இதை அவன் தினமும் கேட்டிருக்கிறான்! வயிறு பற்றி எரிந்தது.

அவன் முகத்தைப் பார்த்தேன். எந்த எரிச்சலை அங்கே பார்க்கவேண்டும் என்று அந்தப் பெட்டிகளை வாங்கினேனோ, அது ஒரு துளிகூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கும் இதே நேரத்துக்குப் போடுவியா, அண்ணா?"

போடுகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல? பாட்டு முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. என் அறைக்குத் திரும்பிப் போக எனக்கு மனசே வரவில்லை.