இன்ஜின்காரர் ஏறிய கோபுரம்

எங்கள் சோஷி ஊர்க்காரர்கள், கடலை வேடிக்கை பார்க்கக் கட்டிய துறைமுகக் கோபுரத்தில் ஏற மாட்டார்கள். அதை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். இருபது வருடமாக அதன் மேல்தளத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே வந்த உள்ளூர் முகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் நவம்பரில் ஒரு காலை ஹனாவா மொகிச்சி லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோது, வழி தவறி வந்துவிட்டாரோ என்றுதான் நினைத்தேன்.

மொகிச்சி அண்ணனுக்கு அறுபத்தாறு வயது. மத்தி பிடிக்கும் படகில் முப்பத்தெட்டு வருடம் இன்ஜின் பார்த்தவர். அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. பேச்சு கம்மி, பொய் அறவே கிடையாது. தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்டதற்கு, "குடிப்பான், நிறைய" என்று சொன்ன மனிதர். கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது, அது வேறு விஷயம்.

அவர் வேலையை விட்டு இறங்கிய அதே படகுக்கு இப்போது அவர் மகள் மிசாவோதான் கேப்டன். படகைக் காக்கிற தெய்வம் பெண், இன்னொரு பெண் ஏறினால் அவளுக்குப் பொறுக்காது என்று முணுமுணுக்கும் கிழங்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. படகு முதலாளி இஷிகே அந்த முணுமுணுப்பை ஒரு மாதம் தாங்கினார். பிறகு மொகிச்சியையே பிடித்தார்.

"அவ தேறுவாளா, நீயே பாத்துச் சொல்லிடு. வேண்டாம்னா கேப்டனை மாத்திடறேன்."

பெற்ற தகப்பனிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஊரே நம்புகிற வாய் அது ஒன்றுதான். மகள் படகை உள்ளே கொண்டுவருவதைப் பார்க்கத்தான் அண்ணன் கோபுரம் ஏறியிருக்கிறார்.

"கூடப் படகுல போய்ப் பாக்கறதுதானே அண்ணே?" என்றேன்.

"நான் இருந்தா அவ வேற மாதிரி ஓட்டுவா."

கீழே முகத்துவாரத்தில் ஆறும் கடலும் மோதி வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. அண்ணன் கண்ணாடியருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தார்.

"இதுவா வழி?"

"என்னண்ணே, ஆயிரம் தடவை போயிருப்பீங்களே."

"போனேன். பாத்ததில்ல. மேல மணியடிப்பாங்க, நான் வேகத்தைக் கூட்டுவேன், குறைப்பேன். அந்த இன்ஜின் குழிக்குள்ள கடல் எங்க தெரியும்?"

இரண்டு படகுகள் அடுத்தடுத்து உள்ளே நுழைந்தன. இரண்டாவது படகு சாய்ந்த சாய்ப்பில் அடிப்பக்கத்துச் சிவப்புப் பெயின்ட் தெரிந்தது. மிசாவோவின் படகு மட்டும் வெளியே நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம். அண்ணனின் போன் அடித்தது. அவர் காதுக்கு எப்போதும் ஸ்பீக்கர்தான் என்பதால் இஷிகேயின் குரல் தளம் முழுக்கக் கேட்டது.

"என்னய்யா, உன் பொண்ணு அங்கயே தூங்கிட்டாளா? ஏலம் முடியப்போகுது. பயந்துட்டாளா?"

"பயந்துதான் நிக்கறா."

போச்சு, இந்த அரிச்சந்திரன் மகள் பிழைப்பைக் கெடுக்கப் போகிறார்.

"நானும் பயந்துட்டேன். இப்பத்தானே பாக்கறேன்," என்றார் அண்ணன். "இரு, வைக்காத."

படகு மெல்ல நகர்ந்தது. அண்ணனின் வலது கை கம்பியின் மேல் தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. இல்லாத இன்ஜினின் பிடியைத் தள்ளியது, இழுத்தது. பெரிய அலை ஒன்று எழுந்ததும் அந்தக் கை முழுவதும் தள்ளிவிட்டது. படகோ தள்ளவில்லை. அலையைத் தனக்கு முன்னால் போகவிட்டு, அது உடைந்து அடங்கும்வரை காத்திருந்து, பிறகு ஒரே மூச்சில் உள்ளே வந்தது. துளி ஆட்டம் இல்லை. என் கண் நிறைந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

அண்ணன் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நான் கவுத்திருப்பேன், தங்கச்சி."

போனில் இஷிகே கத்தினார். "சொல்லித் தொலை மொகிச்சி. வேணுமா, வேண்டாமா?"

"அவ இன்ஜின் ரூம்ல இப்ப யாரு?"

"சுகே. ஏன்?"

"அவனை மேல வலை இழுக்க அனுப்பு. நாளைலேருந்து கீழ நான் உக்கார்றேன். இதைப் பாத்ததுக்கப்புறம் கண்ணு தெரியாம அந்தக் குழிக்குள்ள இருக்கணும்னா, மேல அவதான் நிக்கணும்."