எழுதாத மொய்

அன்பானவர்களே, விழாவுக்கு நாங்கள் அழைத்தவர்களில் ஒருவரும் வரப்போவதில்லை என்று தெரிந்த அந்த மத்தியானம், என் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை அங்கிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும்.

என் பெயர் கிருபா. கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். போன வருடம் இன்டர்ன்ஷிப் செய்தே ஆக வேண்டும் என்றபோது கூடப் படிப்பவர்கள் பெரிய கம்பெனிகளைத் தேடி ஓடினார்கள். நான் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், துடியலூரில் இருக்கும் சிறப்புக் குழந்தைகளின் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். சேவை மனப்பான்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிதி திரட்ட ஒரு கலைவிழா நடத்தப் போகிறோம், ஏற்பாடு செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டதுமே என் மனசுக்குள் மேடை, விளக்கு, புகை எல்லாம் வந்துவிட்டது. அம்மா என்னைக் கனாக்காரி என்றுதான் கூப்பிடுவார். அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே பாலைப் பொங்க விடுகிறவள் நான்.

விழா ஒரு வேனுக்காக. அன்னூர், காரமடைப் பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளை அழைத்து வரும் மையத்தின் வேன் கிழடாகிவிட்டது. ஆகஸ்ட் மாதக் கடைசியோடு அதன் தகுதிச் சான்று முடிகிறது, இனிமேல் கிடைக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். நடக்க முடியாத பிள்ளைகளை பஸ்ஸில் தூக்கி வர முடியுமா? ஏழு வயது மித்ராவுக்குக் கையும் காலும் சொன்னபடி கேட்காது. மையத்துக்கு வர ஆரம்பித்த பிறகுதான் அவள் விரல்கள் மெல்லத் திறந்து ஒரு சின்ன மணியைப் பிடிக்கப் பழகியிருந்தன. நடுவில் விட்டால் அந்த விரல்கள் மறுபடி மூடிக்கொள்ளும் என்று தெரபிஸ்ட் சொன்னார். மில்லில் வேலை பார்க்கும் அவள் அம்மா செல்வியக்காவிடம் நான் வாய் தவறி வேன் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. "வேன் நின்னா நாங்களும் நின்னுக்குவோங்க" என்றார். அந்தச் சொல் என்னைத் தூங்க விடவில்லை.

இப்போது எங்கள் கமிட்டியின் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். கமிட்டியில் எல்லாரும் சபைக்காரர்கள். தேதி குறிக்க உட்கார்ந்தபோது எல்லாம் பார்த்தோம். சபைகளின் கன்வென்ஷன் கூட்டம் இல்லை, பரீட்சை இல்லை, கிரிக்கெட் இல்லை. "ஆடில ஆரும் பர்ஸத் தொறக்க மாட்டாங்க. ஆடி முடியட்டும்" என்றார் செயலர். ஆடி முடிந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்து, ஜெபித்து, பஜ்ஜி சாப்பிட்டுக் கலைந்தோம். கொங்கு நாடு மொத்தமும் கல்யாணத்துக்காக அதே ஆடி முடியட்டும் என்றுதான் காத்துக் கிடக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அலுவலகச் சுவரில் தொங்கியது சபை காலண்டர். அதில் முகூர்த்த நாள் போட்டிருக்காது.

பல்லடம், திருப்பூர் என்று அலைந்து அழைப்பிதழ் கொடுத்தேன். கோழிப்பண்ணைக்காரர்கள், தறி முதலாளிகள், வருடா வருடம் மையத்துக்கு மனசாரக் கொடுப்பவர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல வராது. மோர் கொடுத்து, "வந்துட்டாப் போச்சுங்க அம்மணி" என்று வழியனுப்பினார்கள். நானும் பூரித்துப்போய்த் திரும்பினேன். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வருகையை உறுதி செய்யப் போனில் கூப்பிட்டேன். அப்போதுதான் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவருக்கு மச்சினன் வீட்டுக் கல்யாணம். ஒருவருக்கு ஒரே நாளில் மூன்று. பல்லடம் சிவசாமி ஐயா வீட்டிலோ சொந்த மகளுக்கே கல்யாணம். "மாப்பிள்ளை ஊடு உங்க துடியலூர்தானுங்க. அன்னைக்குப் பொழுதோட அங்கியேதான் ரிசப்சன். நேர்ல சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு இருந்துபோட்டேன், தப்பா நெனைக்காதீங்க அம்மணி" என்றார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

மையத்தின் பொறுப்பாளர் லிடியா அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தேதியைத் தள்ளினால் மாதம் முடிந்துவிடும். வேன் நின்றுவிடும்.

பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரம் அது. எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. புங்கமரத்தடியில் நின்ற அந்த வேனுக்குள் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் கண்ணாடியெல்லாம் குட்டி விரல்களின் தடம். அதன் வழியாகப் பார்த்தால் மேற்கு மலை நீலமாக, தண்ணீருக்குள் தெரிவதுபோல் அசைந்தது. பாலக்காட்டுக் காற்று மரத்தை உலுக்கிக்கொண்டே இருந்தது. ஜெபிக்க அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, யாருமே வரலை. நீங்களாவது வாங்க" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். சொல்லிக்கொண்டே தூங்கியும் போனேன். ஜெபத்தில் தூங்குகிறவள் என்று சிரிக்காதீர்கள். ஆண்டவருடைய பெரிய பெரிய சீஷர்களே தூங்கியிருக்கிறார்கள்.

அந்தத் தூக்கத்தில் வேன் தானாக நகர்ந்தது. ஓட்டுகிறவருடைய முதுகு மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் காலி நாற்காலிகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. எனக்குப் பயமாக இல்லை. எங்கிருந்தோ மல்லிகை வாசம் வந்தது, தூரத்தில் ஒரு சின்ன மணி அடித்தது. மணி நிற்கவே இல்லை. விழித்துப் பார்த்தால் என் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, கிருபாங்களா? நான் நிவேதா பேசறேனுங்க. சிவசாமி பொண்ணு. கல்யாணப் பொண்ணு."

நான் வாழ்த்துச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"உங்ககிட்ட முடியாதுன்னு சொன்னதுல இருந்து அப்பாவுக்குச் சோறே எறங்கலீங்க. நான் ஒண்ணு கேக்கறேன். பத்திரிகைல 'மொய் தவிர்க்கவும்'னு அடிச்சுபோட்டோம். ஆனா எங்க சனம் கைய ஆட்டிக்கிட்டா வருவாங்க? கவரோடதான் வருவாங்க. வாங்கலீன்னா கோவிச்சுக்குவாங்க. அதைய நீங்க வாங்கிக்குங்களேன். கொழந்தைங்களையும் கூட்டியாந்து மேடையில பாட வைங்க. உங்க விழா எங்க ரிசப்சன்லயே நடக்கட்டுங்க."

போனைக் காதில் வைத்தபடியே வேனிலிருந்து இறங்கி லிடியா அக்காவிடம் ஓடினேன். "ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். யாருமே வரமாட்டார்கள் என்று அழுதவளிடம், கல்யாணக் கூட்டம் மொத்தத்தையும் ஆண்டவர் நீட்டினார்.

கமிட்டி உடனே சரி சொல்லவில்லை. கல்யாண வீட்டில் போய் உண்டியல் குலுக்குவதா என்று செயலர் முகம் சுளித்தார். செல்வியக்காவுக்கு வேறு பயம். "நல்ல காரியத்துல எம்புள்ளையப் பாத்து ஆராச்சும் மூஞ்சியத் திருப்புனா நான் தாங்க மாட்டனுங்க" என்றார். அவருக்கு அது ஏற்கெனவே நடந்திருக்கிறது. என்னால் அவருக்கு உறுதி கொடுக்க முடியவில்லை. ஜெபித்துக்கொள்வோம் என்று மட்டும் சொன்னேன். வேன் நிற்கிற நாள் நெருங்கவே, செயலரும் செல்வியக்காவும் கடைசியில் சரி என்றார்கள்.

அந்த ஞாயிறு பொழுதுசாய வேன் மண்டபத்து வாசலில் போய் நின்றது. வாசலெங்கும் சின்ன விளக்குகள், வாழை மரம், பன்னீர். மேடையில் நிற்க வேண்டிய நிவேதா, பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். மித்ராவின் சக்கர நாற்காலியை அவளே தள்ளிக்கொண்டு மண்டபத்தின் நடுப் பாதை வழியாக உள்ளே போனாள். மணப்பெண்ணே தள்ளிக்கொண்டு வரும்போது யார் முகத்தைத் திருப்புவார்கள்? கூட்டம் எழுந்து வழிவிட்டது. அப்போது வந்த மல்லிகை வாசத்தை நான் ஏற்கெனவே வேனுக்குள் நுகர்ந்திருந்தேன்.

பிள்ளைகள் வாழ்த்துப் பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடியும் இடத்தில் மித்ரா ஒரே ஒரு முறை மணியடிக்க வேண்டும். பாட்டு முடிந்தது. மணி அடிக்கவில்லை. அவள் விரல்கள் மணியைச் சுற்றி இறுகி நடுங்குவது தெரிந்தது. மண்டபமே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பந்தியில் இலை போடுகிற சத்தம்கூட நின்றுபோனது. பிறகு அடித்தாள். அடித்தவள் நிறுத்தவே இல்லை. சிரித்துக்கொண்டே அடித்துக்கொண்டே இருந்தாள். செல்வியக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், நானும் அழுதேன்.

சிவசாமி ஐயாதான் முதல் கவரைக் கொண்டுவந்தார். "சொந்தப் புள்ள கண்ணாலத்துக்கே மொய் வெச்ச அப்பன் நானாத்தான் இருப்பேன்" என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் கவரோடு நீள வரிசை சேர்ந்துவிட்டது. வரிசையில் வந்த ஒரு பெரியவர் மட்டும் கவரைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"ஊரும் பேரும் எழுதலீங்களா அம்மணி?"

"எழுத நோட்டு இல்லீங்க ஐயா" என்றேன்.

"எழுதாத மொய்ய எப்படிங்க? நாளைக்கு ஆரு திருப்பிச் செய்யறது?"

பக்கத்தில் நின்ற செல்வியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். மூஞ்சியைத் திருப்புவார்களோ என்று பயந்த அதே செல்வியக்கா. "நாங்க செய்வோங்க. உங்க ஊட்டுக் கண்ணாலத்துக்குச் சொல்லியுடுங்க. எம்புள்ள வந்து மணியடிப்பாளுங்க" என்றார். பெரியவர் மித்ராவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பச் செரிங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

வேனுக்குப் போதுமானது கிடைத்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பழைய வேன் நிற்கும் முன்பே, சக்கர நாற்காலி ஏறுவதற்குப் பலகை வைத்த வேன் ஒன்று புங்கமரத்தடிக்கு வந்துவிட்டது. ஒரு நாள்கூட மித்ராவுக்குப் பயிற்சி தவறவில்லை. இப்போது அவள் ஸ்பூன் பிடிக்கிறாள். சோற்றில் பாதி மேலே சிந்துகிறது, பாதி வாய்க்குப் போகிறது.

என் இன்டர்ன்ஷிப் முடிந்துவிட்டது. ஆனால் நான் போவதை நிறுத்தவில்லை. ஆண்டவர் நம் சபை காலண்டரை மட்டும் பார்த்து வேலை செய்கிறவர் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன் போலிருக்கிறது. நாங்கள் தப்பாகக் குறித்த நாளை அவர் தப்பே இல்லாமல் எடுத்துக்கொண்டார். இப்போதும் நான் கனாக்காரிதான். ஆனால் கனவில் காலி நாற்காலி வந்தால் பயப்படுவதில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, அழைத்தும் ஒருவரும் வராத இடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கலாம். ஜெபிக்க நல்ல வார்த்தை வரவில்லையென்றால் பரவாயில்லை. "நீங்களாவது வாங்க" என்று கூப்பிட்டுப் பாருங்கள். அவர் வருவார். தனியாகவும் வரமாட்டார்.

தை பிறந்ததும் மையத்துக்கு மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அந்தப் பெரியவர் மகனுக்குக் கல்யாணம். புது வேனில் போனோம். தாலி ஏறும்போது நாதஸ்வரத்தோடு சேர்ந்து மித்ராவும் மணியடித்தாள். மொய்யைத் திருப்பிச் செய்துவிட்டோம். இன்னும் நிறைய வீடுகளுக்குச் செய்ய வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டு முகூர்த்த நாளையும் சொல்லியனுப்புங்கள், நாங்கள் வருகிறோம்.