காஜா பேராங்கில் பெய்யாத மழை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைப்பதற்கு முந்தைய வருடம் எனக்குக் கிடைத்த வேலை, நாட்டை மழையால் பிரிப்பது. ஊர் ஊராக மாதாந்திர மழையின் சராசரியை எடுத்து, இரண்டிரண்டு ஊர்களாக ஒப்பிட வேண்டும். மழை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அந்த ஊர்கள் ஒரே வட்டாரம். படத்தில் ஒரே நிறம். மலாக்காவில் பண்டார் ஹிலிர் அலுவலகத்தில், கைப்பிடி சுழற்றும் கணக்கு இயந்திரத்தோடு நாள் முழுதும் மல்லுக்கட்டினேன். என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பல் ஏறுமுன் படம் முடிந்தாக வேண்டும்.

மலாக்கா ஊர்கள் சமர்த்தாக ஒன்றுசேர்ந்தன, ஒன்றைத் தவிர. காஜா பேராங். அங்கே மழைமானி இருந்தது எங்கள் வீட்டுக் கொல்லையில்தான்.

தினமும் காலையில் அதை அளந்து அட்டையில் எழுதுபவன் என் அண்ணன். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போட இழுத்துப் போகப்பட்டு, உயிரோடு திரும்பியவன். வேறு எந்த வேலையிலும் அவன் நிலைக்கவில்லை. அந்த மழைமானிக்காகத்தான் எழுந்தான், குளித்தான், சாப்பிட்டான்.

அவனுடைய பல வருட அட்டைகள் யாரும் பார்க்காமல் பெட்டியில் கிடந்தவை. அவற்றின்படி எங்கள் கொல்லையில் ஜனவரி, பிப்ரவரியில் சொட்டு மழை இல்லை. ஜூன் முதல் கொட்டித் தீர்த்தது. சைக்கிள் தூரத்திலிருந்த செமாபோக்கோடு ஒட்டவே இல்லை. இயந்திரத்தைத் திட்டிக்கொண்டு மறுபடி சுழற்றினேன். அதே எண். கடைசியில் அது அச்சாகப் பொருந்தியது வடகோடியில், சயாம் எல்லை ஊர்களோடு.

ஆள் பொய் எழுதுகிறான், வேலையிலிருந்து நிறுத்திவிடு என்றார் துரை. எனக்கும் கோபந்தான். படுத்த இடத்திலேயே ஏதோ ஓர் அளவை எழுதிவிடும் சோம்பேறிகள் அப்போது நிறைய. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று மறுநாள் காலை கொல்லையில் போய் நின்றேன்.

அது ஜூலை. ஒரு வாரமாக மழையில்லை. மண் புழுதியாகக் கிடந்தது. அண்ணன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, வழுக்குமிடத்தில் நடப்பவனைப் போலப் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து வந்தான். மழைமானிக்குள்ளிருந்த போத்தலை எடுத்து அளவுக் குடுவையில் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. வெறும் குடுவையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நிதானமாகப் படித்தான்.

"ரெண்டு இஞ்சு."

"அண்ணே, ஒன்னுமே இல்லையே!"

"ராத்திரி பூரா ஊத்துச்சே, ஒனக்குக் கேக்கலையா? தள்ளி நில்லு தங்கச்சி, நனையாதே."

நான் தள்ளி நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவன் காய்ந்த சாக்கை முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனான்.

அந்த வேலையையும் பிடுங்கினால் அவனுக்கு என்ன மிச்சம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தேன். செமாபோக் எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, புது அட்டைகளில் அவன் கையெழுத்தைப் போலவே எழுதினேன். முதலில் கணக்குப் போட்டதில் தவறு என்னுடையது என்று துரையிடம் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். காஜா பேராங் மலாக்கா நிறத்தில் சேர்ந்தது. அவன் வேலை தப்பியது.

படம் அச்சாகி வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் முன் விரித்தேன். அவன் தன் மழைமானியை வடகோடியில் தேடினான். விரலைப் பிடித்து இழுத்து மலாக்காவில் வைத்தேன். அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னை எப்ப இங்க கொண்டாந்தீங்க?" என்று கேட்டான்.