ஷரீபுன்னிசாவின் மூன்றாவது குவியல்

ஷரீபுன்னிசாவுக்கு எங்கள் கல்லூரியில் விலங்கியல் லேபைக் கழுவித் துடைக்கும் வேலை. தற்காலிகம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துறைத் தலைவர் பச்சியப்பன் சார் கையெழுத்துப் போட்டால் நீடிக்கும். காரிமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். இறந்துபோன அவர் கணவர் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். பூசுவதற்கு முன் புளி போட்டுத் தேய்த்துத் தருவது ஷரீபுன்னிசாவின் பங்கு. பதினைந்து வருடம் தேய்த்த கைகள்.

1969 டிசம்பரில் நாங்கள் மாணவர்கள் சாரோடு பொம்மிடியில் ரயிலேறித் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுக்குப் போனோம். கடலோரத்தில் ஒரு பாலைவனம். கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு மணல். மணல்மேட்டு முட்புதர்களின் அடியில் நத்தைக் கூடுகள் கிடந்தன. இரண்டு கல் தள்ளி உப்பளக் கரையிலும் கிடந்தன. பார்வைக்கு ஒரே நத்தைதான். ஆனால் மேட்டு நத்தைக்குப் பழுப்புக் கோடு ஒன்று. உப்பளத்து நத்தைக்கு இரண்டு. இவை வேறு வேறு இனம் என்பது சாரின் கட்சி. முன்னூறுக்கு மேல் பொறுக்கி, இரண்டு பைகளில் தனித்தனியாகக் கட்டி வந்தோம். நத்தைகளை ஆராயும் சென்னைக்காரர் ஒருவருக்குப் பொங்கலுக்குள் அனுப்ப வேண்டும்.

மண் போகக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை மாலை சார் போய்விட்டார். ஷரீபுன்னிசா இரண்டு பைகளையும் ஒரே வாளியில் கொட்டி, ஒரு கை புளியைக் கரைத்து ஊற்றி, ஊற வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஒரு கூட்டிலும் கோடு இல்லை. எல்லாம் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தன.

“ஏம்மா, புளியா போட்டீங்க?” என்றார் சார்.

“பளிச்சுனு இருக்கட்டுமேன்னுதாங்க சார்.”

சார் வாளியையே பார்த்தபடி நின்றார். திட்டவில்லை. கையெழுத்துக்கு வந்திருந்த ஷரீபுன்னிசாவின் பைலை அவர் மூடி ஓரமாக வைத்துவிட்டதாக அட்டெண்டர் மாது வந்து சொன்னார். பையன்களில் ஒருவன், “நத்தைக்கொழம்புக்கு உப்பு போட்டாச்சாக்கா?” என்றான்.

மத்தியானம் ஷரீபுன்னிசா வாளி அருகே உட்கார்ந்து ஒரு கூட்டை எடுத்தார். ஈயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பாத்திரத்தின் வாயைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார்களே, அப்படி அதன் வாய் விளிம்பில் ஓட்டினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு, அலமாரியில் சார் ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்த கோடு அழியாத நத்தைகளைக் காட்டி, புட்டியைத் திறந்து தரும்படி என்னிடம் கேட்டார். ஒற்றைக் கோட்டு நத்தையின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்து தடித்திருந்தது. இரட்டைக் கோட்டு நத்தைக்கு விளிம்பு மெல்லிசு, விரலைக் கீறியது.

புதன்கிழமை மாலைக்குள் மேசைமேல் மூன்று குவியல்கள் இருந்தன.

விளிம்பைத் தொட்டே பிரித்ததாக அவர் சொன்னதைச் சார் நம்பவில்லை. படம் வரைவதற்காகத் தன் மேசை டிராயரில் கோட்டோடு வைத்திருந்த பத்துக் கூடுகளை எடுத்து வந்தார். ஷரீபுன்னிசாவைக் கைகளை முதுகுக்குப் பின்னால் நீட்டச் சொல்லி, ஒவ்வொன்றாக வைத்தார்.

“மேட்டுது,” என்றார் ஷரீபுன்னிசா. “இது அளத்துது. அளத்துது. இது மேட்டுது.”

நாங்கள் சாரின் முகத்தைப் பார்த்தோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஏழாவது, சின்னக் கூடு. வெகுநேரம் உருட்டினார்.

“இது தெரியலைங்க சார்.”

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்.”

“தெரியாததை எப்புடிங்க சார் சொல்றது? அந்த மூணாவது குவியல் பூரா இப்படித்தான்.”

மிச்சம் மூன்றையும் சரியாகச் சொன்னார். சார் மூன்றாவது குவியலை எண்ணினார். நாற்பத்தொன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மாதுவைக் கூப்பிட்டு அந்தப் பைலை எடுத்துவரச் சொன்னார்.

பார்சல் மூன்று பொட்டலங்களாகச் சென்னைக்குப் போனது. நடந்ததையும், பிரித்தவர் பெயரையும் சார் கடிதத்தில் எழுதியிருந்தார். மாசியில் பதில் வந்தது: இரண்டு பொட்டலங்களும் சரி; மூன்றாவதில் இருப்பவை விளிம்பு கட்டாத இளசுகள், அவற்றைப் பிரிக்காமல் விட்டதே நல்லது. சார் அதை லேபில் வாசித்துக் காட்டினார்.

“குஞ்சுங்களா?” என்றார் ஷரீபுன்னிசா. “வளர்ந்திருந்தா சொல்லியிருப்பேன்.”

அடுத்த டிசம்பரில் நாங்கள் பொம்மிடி ஸ்டேஷனில் நின்றபோது அவரும் வந்தார். சார்தான் வரச் சொல்லியிருந்தார். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் இரண்டு வாளிகள். வாளிகளைச் சார் உற்றுப் பார்த்தார்.

“மேட்டுக்கு ஒண்ணு, அளத்துக்கு ஒண்ணுங்க சார்,” என்றார் ஷரீபுன்னிசா. “புளியை வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்.”