பெயரை மட்டும் மாற்றினேன்

சென்ற மாதம் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு – 'உங்கள் வலைப்பூவுக்கு வாசகர்களை வரவழைப்பது எப்படி?'

நான் சும்மா இருப்பேனா? ஒரு மணி நேரம் பொளந்து கட்டினேன். தலைப்பு எப்படி வைக்க வேண்டும், முதல் வரியிலேயே ஆளை எப்படி இழுக்க வேண்டும், வாரத்துக்கு எத்தனை பதிவு... கைதட்டல் எல்லாம் நன்றாகவே வந்தது.

கடைசியில் ஒரு பெண் எழுந்து கேட்டார். "சார், நீங்க எழுதுனதுலயே ரொம்பப் பேரு படிச்ச பதிவு எது சார்?"

"அது... இப்ப ஞாபகம் இல்லைம்மா" என்றேன்.

பொய். அந்தப் பதிவின் ஒவ்வொரு வரியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எதை எதையோ எழுதிவிட்டேன். இதை மட்டும் எழுதவில்லை.

எனக்குப் பொன்னமராவதியில் மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கினேன். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் என்ன செய்வது? ஒரு வலைப்பூ ஆரம்பித்தேன். பவர் செக் பண்ண வருகிறவர்கள், பிரேமை மாற்றி மாற்றிக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறவர்கள் – இவர்களைப் பற்றித்தான் எழுதுவேன்.

பக்கத்தின் ஓரத்தில் ஒரு கவுண்டர் வைத்திருந்தேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும். அதில் பாதி நானே.

மீதியில் ஒருவர் குமார். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) குளத்தூர்ப் பக்கத்துக் கிராமம். துபாயில் வேலை. நான் எதை எழுதினாலும் அன்றைக்கே அவருடைய கமெண்ட் வந்துவிடும். 'அருமை சார்' என்று ஒற்றை வரி எழுதுகிறவர் இல்லை அவர். படித்ததற்கு அடையாளமாக ஏதாவது கேட்பார். 'அந்தப் பெரியவர் கடைசியில் எந்த பிரேம் வாங்கினார் சார்?' இப்படி.

ஒரு முறை, கண்ணில் ஒரு குறையும் இல்லாமல், பெண் பார்க்கப் போகும்போது படித்தவன் மாதிரி தெரிய வேண்டும் என்று வெறும் கண்ணாடி வாங்கிப் போன ஒரு மாப்பிள்ளையைப் பற்றி எழுதினேன். அன்றைக்குக் குமாரின் கமெண்ட் வரவில்லை. ஒரு மெயில் வந்தது.

'சார், என்கிட்டயும் அந்த மாதிரி ஒரு போட்டோ இருக்கு' என்று ஆரம்பித்திருந்தார்.

துபாயில் அவருக்கு ஒரு பெரிய மாலில் டாய்லெட் சுத்தம் செய்கிற வேலை. போன புதிதில், மேனேஜர் வெளியே போயிருந்தபோது, செக்யூரிட்டியிடம் டை வாங்கிக் கட்டிக்கொண்டு மேனேஜரின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்திருக்கிறார். காதில் டெலிபோன் ரிசீவர் வேறு. விளையாட்டாக எடுத்தது. ஊருக்கு அனுப்பினார். வீட்டில் அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டிவிட்டார்கள். 'ஆபீஸ் வேலை' என்று ஊர் சொன்னது. இவர் இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் போட்டோவைக் காட்டித்தான் பெண் பேசினார்கள். கல்யாணம் ஆனது. ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

மெயிலின் கடைசி வரிகளை அப்படியே தருகிறேன். 'வர்ற வைகாசியில பாப்பாவுக்குக் காதுகுத்து சார். லீவுல வாரேன். அப்ப என் வீட்டுக்காரிகிட்ட நேர்ல சொல்லிரலாம்னு இருக்கேன். தைரியம் வருமான்னு தெரியல. அதான் மொதல்ல ஒங்ககிட்ட சொல்லிப் பாத்தேன். காதுகுத்துக்கு நீங்களும் வரணும்.'

ஆறுதலாகப் பதில் எழுதினேன். தைரியமாகச் சொல்லுங்கள், அவர் புரிந்துகொள்வார் என்று. மனசாரத்தான் எழுதினேன்.

அதற்குள் எனக்குப் பதிவுலகத்தில் ஒரு நண்பர் கிடைத்திருந்தார். சென்னைக்காரர். அவர் பக்கத்தின் கவுண்டர் மின்விசிறி மாதிரி சுற்றும். அவரிடம் போனில் புலம்பினேன். நம்ம பக்கம் ஈ அடிக்கிறதே, என்ன செய்யலாம்?

"நீங்க கண்ணாடி தொடைக்கிற கதையை யாரு சார் படிப்பா? ஒண்ணு, அழ வைங்க. இல்லாட்டி சண்டை போடுங்க."

எனக்குச் சண்டை போட வராது.

நீங்கள் நினைப்பது சரிதான். குமாரின் கதையை எழுதினேன். ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். குளத்தூரைத் தூக்கிக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் வைத்தேன். எவ்வளவு கவனமான ஆள் பாருங்கள்! ஆனால் அந்தப் போட்டோவை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. சுழல் நாற்காலி, செக்யூரிட்டியின் டை, காதில் ரிசீவர்... அதை எடுத்துவிட்டால் கதையில் என்ன இருக்கிறது? 'டை கட்டிய பொய்' என்று தலைப்பு வைத்தேன்.

காலையில் போட்டேன். சாயங்காலம் கவுண்டரைப் பார்த்து எனக்கே நம்பிக்கை வரவில்லை. முந்தின ஒரு வருஷம் முழுக்க வந்தவர்களைவிட அந்த ஒரே நாளில் அதிகம் பேர். 'கண் கலங்கிவிட்டது.' 'வளைகுடாவில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.' கடையில் ஆட்கள் காத்திருக்க, நான் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன்.

அத்தனை கமெண்ட்டில் ஒருவருடையது மட்டும் இல்லை. அதை நான் கவனிக்கவே இல்லை.

பத்து நாள் போயிருக்கும். முற்பகலில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையுடன் கடைக்குள் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும்.

"கண்ணு டெஸ்ட்டாம்மா? இங்கிட்டு உக்காருங்க" என்றேன்.

உட்காரவில்லை. பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். என் பதிவு. யாரோ பிரிண்ட் எடுத்தது; அடியில் என் கடைப் பெயரும் ஊரும் இருந்தன. பல கை மாறி ஓரமெல்லாம் கசங்கியிருந்தது.

"இத எழுதுனது நீங்கதானாங்க?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்குச் சிரிப்பு பொங்கியது. தேடிக்கொண்டு ஒரு வாசகி வந்திருக்கிறார்! "ஆமாம்மா. படிச்சீங்களா? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எங்க ஊரு டீக்கடையில சத்தமா வாசிச்சாங்க. பால் வாங்கப் போனேன். நின்னு கேட்டேன்."

குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்த போட்டோ எங்க வீட்டு ஹால்லதாங்க தொங்குது."

குமாரோடு துபாயில் வேலை பார்க்கிற பக்கத்து ஊர்க்காரர் யாரோ பதிவைப் படித்து, போட்டோவை அடையாளம் கண்டு, ஊருக்கு அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதிலும் அவர் உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரவுக கக்கூஸ் கழுவுறதுல எனக்கு ஒரு கேவலமும் இல்லீங்க. எங்களுக்காகத்தான அந்த வெயில்ல கெடக்காக? ஆனா எனக்கு முன்னாடி ஊரு தெரிஞ்சுக்கிருச்சு. அவுக வாயால நான் கேக்க வேண்டியது. அத டீக்கடையில கேக்க வச்சுட்டீங்க."

"அம்மா, நான் பேரையெல்லாம்..."

"பேர மாத்துனீங்க. பாத்தேன்."

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. காகிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். இதைச் சொல்ல, கைக்குழந்தையோடு குளத்தூரிலிருந்து புதுக்கோட்டை போய், பஸ் மாறி வந்திருக்கிறார்.

அன்றைக்கே பதிவை அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம்? அதற்குள் எத்தனையோ பக்கங்களில் அதைப் பிரதி எடுத்துப் போட்டிருந்தார்கள். சிலர் தங்கள் பெயரிலேயே.

குமாருக்கு மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும். வைகாசியில் காதுகுத்து நடந்தது. அவர் லீவை ரத்து செய்துவிட்டார் என்றும், தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுததைப் போனில்தான் கேட்டார் என்றும், குளத்தூர்ப் பக்கத்திலிருந்து கண்ணாடி மாற்ற வந்த ஒருவர் சொன்னார். ஊர் முகத்தில் விழிக்கக் கூசிக்கொண்டு நான்கு வருஷம் அவர் வரவே இல்லை.

வலைப்பூவை மூடிவிட்டேன். பிறகு பத்திரிகையில் இந்தப் பக்கம் கிடைத்தது. உங்களைப் போல வாசகர்கள் கிடைத்தார்கள். ஒரு தடவை நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே? கேட்டிருக்கலாம். குளத்தூர் என்ன, கடல் தாண்டியா இருக்கிறது? போகவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்துவிட்டேன்.

அந்தக் கல்லூரியில் பொய் சொன்ன பிறகுதான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தேன்.

குமார் இப்போது ஊரோடு வந்துவிட்டார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நான் போனபோது வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. "பொன்னமராவதி... கண்ணாடிக் கடை" என்றேன். குழாயை மூடினார்.

"வாங்க" என்றார். மெயிலில் வரிக்கு வரி சார் போட்டவர். அன்று வெறும் 'வாங்க'.

ஹாலில் உட்கார்ந்தேன். அந்தப் போட்டோ அங்கே இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்" என்று மட்டும் வந்தது.

"விடுங்க. நீங்க எழுதாட்டியும் அவளுக்கு என்னைக்காவது தெரிஞ்சிருக்கும்." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் சொல்லித் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

ஒரு மடத்தனமான கேள்வி கேட்டேன். "இப்பவும் படிக்கிறீங்களா?"

"இல்லீங்க. அதோட விட்டுப்போச்சு. அப்பல்லாம் டூட்டி முடிஞ்சதும் ப்ரவுசிங் சென்டருக்கு ஓடுவேன், நீங்க ஏதும் எழுதியிருக்கீங்களான்னு. அதுக்கப்புறம் எதைப் படிச்சாலும், இதுல யாரு வீட்டு ஹாலு இருக்கோன்னு தோணிருது. பேப்பர்கூட தொடுறதில்ல."

கவுண்டரில் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்துக் குதித்தவன் நான். படிப்பதையே உயிராக வைத்திருந்த ஒரு மனிதர் அன்றோடு படிப்பதை நிறுத்தினார் என்பது எந்தக் கவுண்டரில் தெரியும்?

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். என்னை அடையாளம் தெரிந்திருந்தது. சுவரோரமாக நின்றபடி கேட்டார்.

"இதையும் எழுதுவீங்கல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"எழுதுங்க. இந்தத் தடவ எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுப் போடுங்க."

குமார் மனைவியைப் பார்த்தார். பிறகு எழுந்து, வேனைக் கழுவப் போய்விட்டார்.

போன ஞாயிறு இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். குமார் அன்றைக்கும் கேட்க உட்காரவில்லை. அந்த அம்மா மட்டும் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை கேட்டார். ஒரே ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

எழுதியதிலேயே நன்றாக வந்திருந்தது அதுதான்.